பி.டி. சாருக்கு ஒரு சேர்: ஏமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



நான் காலேஜ்ல வாலிபால் ஆடினவன். ரெண்டாவது வருஷம் ஒரு டோர்னமென்ட்டுக்காக நாலு நாள் வெளியூர் போயிட்டு வந்தோம். திரும்பி வந்து பார்த்தா இன்டர்னல் டெஸ்ட் முடிஞ்சிருக்கு. மறுபடி எழுத விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. எங்க பி.டி. சார் எங்களைக் கூட்டிக்கிட்டு எச்.ஓ.டி. ரூமுக்குப் போனார். ஐம்பது வயசைத் தாண்டின மனுஷர். இருபது நிமிஷம் நின்னுக்கிட்டே பேசினார். எதிர்ல ரெண்டு சேர் காலியா இருந்துச்சு. உட்காருங்கன்னு ஒரு வார்த்தை வரலை. டெஸ்ட்டும் கிடைக்கலை. போன மார்க் எவ்வளவுன்னு இப்போ எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு காலி சேர் நல்லா ஞாபகம் இருக்கு.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு விஷயம் படிச்சேன். அமெரிக்காவுல 1892-லயே ஒரு பல்கலைக்கழகம் தன்னோட கோச்சுக்கு அந்தச் சேரைக் கொடுத்திருக்கு. சும்மா உட்காரச் சொன்னதோட நிக்கலை. பேராசிரியர் பதவி, யாரும் சுலபமா எடுக்க முடியாத நிரந்தர வேலை, தனியா ஒரு டிபார்ட்மென்ட், பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகத் தலைவர் ஒருத்தருக்கு மட்டும். படிச்சதும் ஒரே சந்தோஷம். மேல படிக்கப் படிக்க அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குழம்பிப் போச்சு. இன்னைக்கு எபிசோடு அந்தக் குழப்பத்தைப் பத்திதான்.

அந்தக் கோச் பேரு ஏமோஸ் அலோன்சோ ஸ்டாக். ஷேர் மார்க்கெட் ஸ்டாக் இல்லீங்க, மனுஷனோட குடும்பப் பேரே அதுதான்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இன்னைக்கு நான் ஃபுட்பால்னு சொல்ற இடமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், கையில எடுத்துக்கிட்டு ஓடுறது, ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறது. நாம உதைக்கிறதை அவங்க சாக்கர்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, அந்த ஊர்ல இந்த விளையாட்டு வளர்ந்தது கிளப்புகள்லயோ கம்பெனிகள்லயோ இல்லை, காலேஜ்லதான். ஏல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாதிரி இடங்கள்ல மாணவர்களே டீம் கட்டி, மாணவர்களே பணம் வசூல் பண்ணி, போன வருஷ கேப்டனைக் கூப்பிட்டு வந்து பயிற்சி கொடுக்கச் சொல்லுவாங்க. கோச்சுன்னு சம்பளத்துக்கு ஒரு ஆள், அதுவும் காலேஜ் ஊழியரா, அப்போ யாரும் பெருசா யோசிச்சதில்லை.

ஸ்டாக் பிறந்தது 1862 ஆகஸ்ட் 16, நியூஜெர்சியில வெஸ்ட் ஆரஞ்சுங்கிற ஊர்ல. அப்பா செருப்புத் தைக்கிறவர், கிடைக்கிற கூலி வேலைக்கும் போவார். எட்டுப் பிள்ளைகள்ல இவர் அஞ்சாவது. படிப்புக்காக வீட்டை விட்டுப் போன இடத்துல சூடேத்த வசதி இல்லாத மாடி ரூம்ல தங்கி, பாதி நாள் பிஸ்கட்டைத் தின்னு காலத்தை ஓட்டியிருக்கார். அதுக்கப்புறம் ஏல். பாதிரியார் ஆகணும்கிறதுதான் லட்சியம். இறையியல் படிச்சுக்கிட்டே பேஸ்பால்ல பந்து வீசினார். எவ்வளவு நல்லா வீசினார்னா, தொழில்முறை டீம்கள் பணத்தோட கூப்பிட்டாங்க. வாடகைக்கே திண்டாடுற பையன் வேண்டாம்னுட்டார். தொழில்முறை பேஸ்பால்னா அன்னைக்குச் சாராயக் கடையும் சேர்ந்தே வரும், அது எனக்கு ஆகாதுன்னு காரணம் சொன்னார். ஃபுட்பாலும் ஆடினார். 1889-ல நாட்டுலயே சிறந்த 11 பேர்னு முதல் தடவையா ஒரு பட்டியல் போட்டப்போ அதுல இவர் பேரும் இருந்துச்சு.

ஆனா பாதிரியார் கனவு நடக்கலை. மேடையில பேச வரலை, அவ்வளவுதான். எனக்கு இதுல ஒரு ஆறுதல் உண்டு, மைக் முன்னாடி உட்கார்ந்த முதல் ஆறு மாசம் என் நிலைமையும் அதேதான். சரி, பிரசங்கம் பண்ணித்தான் பசங்களை நல்லவங்களாக்கணுமா, மைதானத்துலயும் அதைப் பண்ணலாமேன்னு முடிவெடுத்து, மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே இவரோட இருந்த இன்னொருத்தர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆமா, கூடைப்பந்தைக் கண்டுபிடிச்ச அதே நெய்ஸ்மித். 1892 மார்ச்ல கூடைப்பந்து முதல் தடவையா பொதுமக்கள் முன்னாடி நடந்துச்சு, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நடுவுல. மாணவர்கள் 5-1-னு ஜெயிச்சாங்க. ஆசிரியர் பக்கம் விழுந்த அந்த ஒரே ஒரு பாயிண்ட், ஸ்டாக் போட்டது.

இப்போ சிகாகோவுக்கு வருவோம்.

ஜான் டி. ராக்ஃபெல்லர்ங்கிற எண்ணெய்க் கோடீஸ்வரர் கொடுத்த பணத்துல சிகாகோவுல புதுசா ஒரு பல்கலைக்கழகம் கட்டுறாங்க. அதுக்கு முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஏல்ல ஸ்டாக்குக்குப் பாடம் நடத்தினவர், எபிரேய மொழிப் பண்டிதர். கட்டடமே இன்னும் முழுசா எழும்பலை, அதுக்குள்ள ஹார்ப்பர் தேடிப் பிடிச்ச முதல் சில பேர்ல ஸ்டாக்கும் ஒருத்தர். இது நடந்த விதத்தை ஸ்டாக் பின்னாடி தன் நினைவுகள்ல சொல்லியிருக்கார். ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க. ஹார்ப்பர் 1,500 டாலர் சம்பளம்னு சொல்றார். ஸ்டாக் அமைதியா இருக்கார். 2,000-ங்கிறார். அப்பவும் அமைதி. 2,500 டாலர், கூடவே இணைப் பேராசிரியர் பதவி, வாழ்நாள் முழுக்கன்னு ஏத்துறார். ஹார்ப்பர் இவர் பேரம் பேசறார்னு நினைச்சாராம். உண்மையில ஸ்டாக் அந்த வேலை தனக்குச் சரி வருமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கார். வாயைத் திறக்காம ஆயிரம் டாலர் ஏத்தின பேரம், நம்மள்ல எத்தனை பேருக்கு வாய்க்கும்!

1892 அக்டோபர்ல வகுப்புகள் ஆரம்பிச்சது. ஸ்டாக்கோட பதவி, உடற்கல்வி மற்றும் விளையாட்டுத் துறை இயக்குநர். இன்னைக்கு அமெரிக்காவுல ஒவ்வொரு பல்கலைக்கழகத்துலயும் அத்லெடிக் டைரக்டர்னு ஒரு பெரிய பதவி இருக்கே, அதோட ஆரம்ப வடிவம் இதுதான். டீம் மட்டும் இல்லை, மாணவர்கள் எல்லாருக்குமான உடற்பயிற்சி வகுப்பு, மைதானம், டிக்கெட், வரவு செலவு எல்லாம் இவர் கையில. பேஸ்பாலுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும்கூட இவர்தான் கோச். முதல் வருஷம் ஃபுட்பால் டீமுக்கு ஆள் பத்தலை. கோச்சே இறங்கி ஆடினார், பேராசிரியர்ங்கிறதையும் பார்க்கலை.

ஸ்டாக்கை ஹார்ப்பர் ஏன் இவ்வளவு பிடிவாதமா கூப்பிட்டார்? இது முக்கியம். நேத்து முளைச்ச ஒரு பல்கலைக்கழகத்தோட பேரு ஊருக்குத் தெரியணும். ஹார்வர்டுக்கு 250 வருஷ வரலாறு இருக்கு, இவங்ககிட்ட செங்கலும் சிமெண்ட்டும் மட்டும்தான் இருக்கு. வாரா வாரம் பத்திரிகையில சிகாகோன்னு பேரு வரணும்னா, அதுக்கு ஒரே குறுக்கு வழி சனிக்கிழமை மேட்ச்தான். 1894 கிறிஸ்துமஸுக்கு ஸ்டாக் தன் டீமை ரயில்ல ஏத்தி கலிஃபோர்னியா வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போய் ஸ்டான்ஃபோர்டோட ஆட வெச்சார். நாட்டோட பாதி தூரத்துக்கு மேல பயணம். இது விளையாட்டு டூர் மட்டும்னு நினைக்காதீங்க, நடமாடும் விளம்பரப் பலகை.

ஹார்ப்பர் எவ்வளவு தூரம் இதுல இறங்கினார்ங்கிறதுக்கு ஸ்டாக்கே சொன்ன கதை ஒண்ணு. விஸ்கான்சினோட மேட்ச், இடைவேளையில சிகாகோ பின்தங்கி இருக்கு. தலைவர் ஹார்ப்பர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள வர்றார். ராக்ஃபெல்லர் புதுசா 30 லட்சம் டாலர் கொடுத்திருக்கார்னு அறிவிக்கிறார். நீங்களும் ஜெயிச்சுக் காட்டுங்கன்னு பசங்களை உசுப்பேத்துறார். ஜெயிச்சாங்க. வேத பாடப் பண்டிதர், இடைவேளையில, டிரெஸ்ஸிங் ரூம்ல நன்கொடை அறிவிக்கிற அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க.

ஸ்டாக் எப்படிப்பட்ட கோச்? பக்திமான். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ரொம்பக் கோபம் வந்தா வர்ற உச்சகட்டத் திட்டு, கழுதை. அதுக்கும் மேல போனா, ரெட்டைக் கழுதை. அவர்கிட்ட ஆடினவங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஆட்ட நுணுக்கத்துல மூளைக்காரர். டேக்கிள் பழக மூட்டை பொம்மை தொங்கவிடறது, ஆட்டத்துக்கு நடுவுல வட்டமா கூடிப் பேசறது, சட்டையில நம்பர் போடறதுன்னு எதை எடுத்தாலும் கண்டுபிடிச்சவங்க வரிசையில இவர் பேரு வரும். சிலதுல போட்டியும் உண்டு, நாங்கதான் முதல்லன்னு வேற காலேஜ்காரங்களும் சொல்லுவாங்க. மனைவி ஸ்டெல்லாவும் இதுல பாதிப் பங்கு. 1894-ல கல்யாணம். கேலரியில உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் நோட்டுல வரைஞ்சு வைப்பாங்க, எதிர் டீமைப் போய்ப் பார்த்துட்டு வந்து குறிப்பு கொடுப்பாங்க. சம்பளம் கிடையாது. அவங்களுக்கு எந்தச் சேரும் யாரும் போடலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

உச்சம்னா 1905. மிச்சிகன் டீம் தொடர்ந்து 56 மேட்ச் தோக்காம வந்துக்கிட்டு இருந்துச்சு. கோச் ஃபீல்டிங் யோஸ்ட். நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட் எடுக்கிற டீம்னே பட்டப் பேரு. நன்றி நவிலல் நாள், சிகாகோ மைதானம், 25 ஆயிரம் பேருக்கு மேல கூட்டம். ஸ்கோர் 2-0, ஜெயிச்சது சிகாகோ. மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருத்தரை அவங்க சொந்தக் கோட்டுக்குப் பின்னாடியே மடக்கினதால கிடைச்ச ரெண்டு பாயிண்ட், அவ்வளவுதான்.

அதே 1905-ல இன்னொண்ணும் நடந்துச்சு. இங்கதான் என் சந்தோஷம் குழம்ப ஆரம்பிச்சது.

அந்த சீசன்ல நாடு முழுக்க ஃபுட்பால் ஆடிச் செத்துப் போனவங்க 18, 19 பேர்னு பத்திரிகைகள் எழுதினாங்க. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், ஏல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஆட்டத்தைச் சரிபண்ணுங்கன்னு சொன்னார். அதே நேரத்துல காலியர்ஸ் பத்திரிகையில எட்வர்ட் ஜோர்டன்னு ஒருத்தர், ஃபுட்பால் வெற்றிகளைக் காசு கொடுத்து வாங்கறாங்கன்னு தொடர் எழுதினார். முதல்ல எடுத்துக்கிட்ட பல்கலைக்கழகமே சிகாகோ. அவர் விரல் நீட்டினது வால்டர் எக்கர்சால் மேல. சிகாகோவோட நட்சத்திர குவார்ட்டர்பேக், ஊரே கொண்டாடுற பையன். காலேஜ்ல சேர்றதுக்கான தகுதியே அவருக்கு முழுசா இல்லைங்கிறது குற்றச்சாட்டு. எக்கர்சால் தன் ஆட்டக் காலம் முடிஞ்சதும் பட்டம் வாங்காமயே வெளியே போனார்.

பணத்துக்காக பேஸ்பால் ஆட மாட்டேன்னு சொன்ன அதே ஸ்டாக்தான் இங்கே கோச். அவர் திருடன்னு நான் சொல்ல வரலை. சொந்த வாழ்க்கையில கடைசி வரைக்கும் சுத்தமான ஆள். ஆனா 1902-லயே ஹை ஸ்கூல் பசங்களுக்கான தடகளப் போட்டியை சிகாகோ வளாகத்துல நடத்த ஆரம்பிச்சார். நாட்டுல இருக்கிற நல்ல ஆட்டக்காரங்க எல்லாம் ஸ்கூல்ல படிக்கும்போதே வந்து சிகாகோவைப் பார்த்துட்டுப் போவாங்க. இது சேவையா, ஆள் பிடிக்கிற வலையா? ரெண்டும்தான். வாசல்ல கேட்டு வாங்குற டிக்கெட் பணம் இவர் துறையோட கணக்குல. இவரோட வேலையை எடுக்க முடியாது. பேராசிரியர்கள் கேள்வி கேட்டா, தலைவர் ஹார்ப்பர் இவர் பக்கம். ஒரு கோச்சுக்கு நிரந்தரப் பதவி கொடுக்கிறதுக்கு நல்ல காரணம் ஒண்ணு இருக்கு. தோத்தா வேலை போயிடும்கிற பயம் இல்லாதவன் தப்பு வழியில ஜெயிக்கத் தேவையில்லை. ரொம்ப அழகான வாதம். ஆனா ஸ்டாக் விஷயத்துல அந்தப் பதவி பயத்தை எடுத்ததோட நிக்கலை, அவரைக் கேள்வி கேட்கிற ஆளையும் சேர்த்தே எடுத்துடுச்சு.

வேடிக்கை என்னன்னா, இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மருந்தா நாடு தேர்ந்தெடுத்ததும் சிகாகோ மாடலைத்தான். மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1896-ல அமைச்ச கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, இப்போ பிக் டென்னு சொல்றாங்க. சிகாகோ அதுல ஆரம்ப உறுப்பினர். 1906 தொடக்கத்துல மிச்சிகன் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் கூப்பிட்ட மாநாட்டுல சில விதிகள் போட்டாங்க. ஒரு மாணவர் மூணு வருஷம்தான் ஆடலாம். சீசனுக்கு அஞ்சு மேட்ச். அப்புறம், சீசனுக்கு மட்டும் வந்துபோற வாடகை கோச் கூடாது. கோச்சைப் பல்கலைக்கழகமே முறைப்படி நியமிக்கணும், சம்பளம் அளவா இருக்கணும். அதாவது ஸ்டாக் 1892-ல உட்கார்ந்த அந்தச் சேர் இப்போ சட்டமே ஆயிடுச்சு. யோஸ்ட் அப்படி முழுநேரப் பல்கலைக்கழக ஊழியர் இல்லை. விதிகள் பிடிக்காத மிச்சிகன் கூட்டமைப்பை விட்டே போச்சு, பத்து வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சு. அதே 1906-ல ஆட்ட விதிகளும் மாறினது. பந்தை முன்னாடி எறியலாம்னு அனுமதிச்சாங்க. விதிக் குழுவுல ஸ்டாக்கும் உறுப்பினர். இன்னைக்கு டிவியில பார்க்கிற நீளமான பாஸ் எல்லாம் அந்த வருஷத்துல தொடங்கினது.

அதே ஜனவரியில ஹார்ப்பர் புற்றுநோயால காலமானார். ஆனா ஸ்டாக்கோட சாம்ராஜ்யம் அசையலை. அடுத்த இருபது வருஷத்துல இன்னும் நிறைய பட்டங்கள், மொத்தம் ஏழு பிக் டென் சாம்பியன்ஷிப். மைதானத்துக்கே ஸ்டாக் ஃபீல்டுன்னு பேரு வெச்சாங்க. 1922-ல பிரின்ஸ்டனோட நடந்த மேட்ச்சை டெலிஃபோன் லைன் வழியா நியூயார்க்குக்கு அனுப்பி ரேடியோவுல ஒலிபரப்பினாங்க. தோத்தாங்க, 21-18, ஆனா நாட்டுல பாதிப்பேருக்குத் தெரிஞ்ச தோல்வி.

கடைசி சாம்பியன்ஷிப் 1924. அதுக்கப்புறம் சரிவு.

சரிவுக்கு ஸ்டாக்கோட வயசு மட்டும் காரணம் இல்லை. சுத்தி இருந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருசாகிக்கிட்டே போனது. இல்லினாய், மிச்சிகன் எல்லாம் பிரமாண்டமான ஸ்டேடியம் கட்டினாங்க. அங்கே உடற்கல்விப் பட்டம் மாதிரி ஆட்டக்காரங்களுக்குத் தோதான படிப்புகளும் இருந்தது. சிகாகோ எதிர்த் திசையில போச்சு. ஆராய்ச்சி, முதுகலை, கடினமான தேர்வுகள். நாட்டுக்கே கோச்சிங்னா என்னன்னு சொல்லிக் கொடுத்த இடத்துல, ஆட வர்ற பசங்க குறைஞ்சுக்கிட்டே வந்தாங்க.

1929-ல புதுத் தலைவர் வந்தார். ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ், வயசு 30. இந்தப் பேரு நமக்குச் சம்பந்தம் இல்லாததுன்னு நினைச்சுடாதீங்க. சென்னையில படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகரை சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டு வந்தவர் இதே ஹட்சின்ஸ்தான். 1937-ல வேலையில சேர்ந்த சந்திரசேகர் வளாகத்துல வகுப்பு எடுக்கக் கூடாதுன்னு ஒரு டீன் தடுத்தார், தோல் நிறத்துக்காக. ஹட்சின்ஸ் அந்தத் தடையைத் தூக்கிப் போட்டுட்டு அவர் வகுப்பு எடுக்கட்டும்னு சொன்னார். தான் நம்பினதைச் சட்டுனு செஞ்சு முடிக்கிற ஆள். அந்த வேகம் சந்திரசேகருக்கு நல்லதா அமைஞ்சது. ஸ்டாக்குக்கு அமையலை.

1932-ல ஸ்டாக்குக்கு 70 வயசு. பல்கலைக்கழக விதிப்படி ஓய்வு பெறணும். இதுக்கு முன்னாடி இருந்த தலைவர்களா இருந்தா விதியைக் கொஞ்சம் வளைச்சிருப்பாங்களோ என்னவோ. ஹட்சின்ஸ் வளைக்கலை. துறைக்கு வெளியில இருந்து புது இயக்குநரைக் கொண்டுவந்தார். ஸ்டாக்குக்கு ஆலோசகர் மாதிரி ஒரு கௌரவப் பதவி தர்றோம்னாங்க. மைதானம் இல்லாத வேலை எதுக்குன்னு வேண்டாம்னுட்டார். 40 வருஷம் அந்தப் பதவி ஒரே ஒரு ஆளோட நம்பிக்கையில நின்னுச்சு. தலைவரோட நாற்காலியில வேற ஒருத்தர் உட்கார்ந்ததும் பிடிக்க வேற கை இல்லை. ஹார்ப்பர் எந்தக் கேள்வியும் வராம பார்த்துக்கிட்டது ஸ்டாக்குக்கு உதவின்னு நானும் முதல்ல நினைச்சேன். இப்போ யோசிச்சா, சக பேராசிரியர்கள்கிட்ட நாலு தடவை வாதாடி ஜெயிச்சிருந்தா அவருக்காக நிக்க நாலு பேர் இருந்திருப்பாங்கன்னு தோணுது.

எழுபது வயசுல என்ன பண்ணுவீங்க? இவர் கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன் ஊருக்குப் போய், காலேஜ் ஆஃப் த பசிஃபிக்னு ஒரு சின்ன காலேஜுக்குக் கோச் ஆனார். 1938-ல அந்தச் சின்ன டீமைக் கூட்டிக்கிட்டு சிகாகோவுக்கே வந்தார். தன் பேரு வெச்ச அதே மைதானம். வயசு 76. பசிஃபிக் 32, சிகாகோ 0. ஜெயிச்சப்போ அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன்.

அந்த டிசம்பர்ல ஹட்சின்ஸ் ஒரு பெரிய வாரப் பத்திரிகையில, டிக்கெட் வசூல் எப்படிக் காலேஜ் படிப்பைக் கெடுக்குதுன்னு கட்டுரை எழுதினார். அடுத்த சீசன், 1939, கொடூரம். மிச்சிகன்கிட்ட 85-0. ஓஹையோ ஸ்டேட் 61-0. ஹார்வர்ட் 61-0. அந்த டிசம்பர் 21-ஆம் தேதி அறங்காவலர்கள் கூடி, சிகாகோ இனிமே ஃபுட்பால் ஆடாதுன்னு முடிவு பண்ணாங்க. நாலு வருஷம் முன்னாடிதான், 1935-ல, நாட்டோட சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை முதல் தடவையா கொடுத்தப்போ, அதை வாங்கினது சிகாகோ பையன் ஜே பெர்வாங்கர். அதையும் கணக்குல வெச்சுப் பாருங்க.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. அந்த 85-0 தோல்விக்குக் கோச்சா இருந்தவர் கிளார்க் ஷானெஸ்ஸி. சிகாகோ கடையை மூடினதும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். முதல் சீசன்லயே எல்லா மேட்ச்சும் ஜெயிச்சு ரோஸ் பவுலும் வாங்கினார். கோச்சு அதே ஆள்தான், ஒரு வருஷ இடைவெளி. தோல்விக்குக் காரணம் யாருன்னு நீங்களே சொல்லுங்க.

ஹட்சின்ஸ் செஞ்சது சரியா? கேட்டா, என் மூளை சரின்னு சொல்லுது. ஆட்டம் பல்கலைக்கழகத்தை இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது. ஆனா எச்.ஓ.டி. ரூம்ல நின்ன அந்த வாலிபால் பையன் இன்னும் எனக்குள்ள இருக்கான். அவன் ஒத்துக்க மாட்டேங்கிறான். கணக்கைச் சரிபண்ணுங்க, டிக்கெட் பணத்தை வேற கையில கொடுங்க, தகுதி இல்லாத ஆளைச் சேர்க்காதீங்க, அதெல்லாம் சரி. சனிக்கிழமை சாயங்காலத்தையே எதுக்கு எடுத்தீங்கன்னு கேட்கிறான். அவனுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்லை.

ஆட்டம் நின்ன மைதானம் என்ன ஆச்சு தெரியுமா? மேற்குக் கேலரிக்குக் கீழ ராக்கெட் ஆடுற ஒரு கோர்ட் இருந்துச்சு. உலகப்போர் சமயத்துல என்ரிகோ ஃபெர்மியும் அவரோட குழுவும் அங்கே கிராஃபைட் கட்டிகளை நூற்றுக்கணக்கான டன் அடுக்கி, நடுநடுவுல யுரேனியம் வெச்சு, 1942 டிசம்பர் 2-ஆம் தேதி உலகத்துலயே முதல் தடவையா மனுஷன் கட்டுப்படுத்தின அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டினாங்க. ஊருக்கு நடுவுல, காலி கேலரிக்கு அடியில. இயற்பியல் புத்தகத்துல ஸ்டாக் ஃபீல்டுன்னு படிச்சிருந்தீங்கன்னா, அது இந்த ஸ்டாக்தான். பின்னாடி அந்தக் கேலரியை இடிச்சாங்க. இப்போ அந்த இடத்துல இருக்கிறது ரீகன்ஸ்டைன் நூலகம், பல்கலைக்கழகத்தோட மிகப் பெரிய நூலகம். சிகாகோ 1946-ல பிக் டென்னை விட்டு விலகுச்சு. 1969-ல ஃபுட்பால் திரும்ப வந்துச்சு, ஆனா சின்ன அளவுல, வேற ஒரு மைதானத்துல. அதுக்கும் ஸ்டாக் ஃபீல்டுன்னுதான் பேரு.

ஸ்டாக் 1943-ல, 81 வயசுல, நாட்டோட அந்த வருஷத்துச் சிறந்த கோச்னு விருது வாங்கினார். 84 வயசுல பசிஃபிக்கும் இவரை ஓய்வு பெறச் சொன்னப்போ, பென்சில்வேனியாவுல மகன் கோச்சா இருந்த காலேஜுக்குப் போய் அவருக்குத் துணையா நின்னார். அப்புறம் மறுபடி ஸ்டாக்டன் வந்து, ஒரு ஜூனியர் காலேஜ் பசங்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தார். 98 வயசுல, போதும்னு அவரே நிறுத்தினார். 1965 மார்ச் 17-ல காலமானப்போ வயசு 102. மொத்தம் 314 வெற்றி. 1981-ல அலபாமா கோச் பேர் பிரையன்ட் தாண்டுற வரைக்கும் அதுதான் பெரிய காலேஜ் கோச்சுகள்ல அதிகபட்சம். அமெரிக்காவுல ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்காத மூணாவது பிரிவுக் காலேஜ்களோட இறுதிப் போட்டிக்கு இவர் பேருதான், ஸ்டாக் பவுல். எழுபது வயசுல இவரைச் சேர்த்துக்கிட்ட பசிஃபிக்கும் 1995-ல ஃபுட்பாலை நிறுத்திட்டாங்க.

உங்க காலேஜ்ல பி.டி. சார் ரூம் எங்கே இருந்துச்சு? ஸ்டோர் ரூம் பக்கத்துலயா, மாடிப்படிக்குக் கீழயா? அதுல எத்தனை சேர் இருந்துச்சு? ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, நல்லதா நாலைஞ்சு எடுத்து அடுத்த எபிசோடு ஆரம்பத்துல போடறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.